குழாய் மாற்றவும் அனுமதி வேண்டுமா?

மே மாதம் வந்துவிட்டால் மும்பையில் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கிராக்கி ஏறிவிடுகிறது. ஜூன் இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் ஒழுகும் கூரையை அடைத்தாக வேண்டும். மோரியில் பெயர்ந்த கல்லைப் பதித்தாக வேண்டும். துருவேறிப் பொத்தலான குழாயை மாற்றியாக வேண்டும். பள்ளி விடுமுறைக்கு மனைவி மக்களைத் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ ரயிலேற்றி அனுப்பிவிட்டு, வீடு காலியாக இருக்கும் நாட்களில் இந்த வேலைகளை முடித்துக்கொள்வது தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். வாசலில் மணலும் செங்கல்லும் இறங்கிய மறுநாளே யாரேனும் ஒருவர் வந்து நிற்கிறார். ‘கார்ப்பரேஷன் அனுமதி இருக்கிறதா?’ என்று கேட்கிறார். கேட்பவர் வார்டு ஆபீஸ் சிப்பந்தியா, தரகரா, அல்லது இரண்டு பேருக்கும் இடையில் நின்று பிழைப்பவரா என்பதே பல வேளைகளில் விளங்குவதில்லை. விடை தெரியாத காரணத்தால் பணம் கைமாறுகிறது. ஆலைச் சம்பளத்திலும் ஆபீஸ் சம்பளத்திலும் மிச்சம் பிடித்த பணம்.

இதில் வேதனை என்னவென்றால், அந்தக் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்திலேயே தெளிவாக அச்சிட்டிருக்கிறது என்பதுதான். குழாய் மாற்றுவதற்கு அனுமதி வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. அதே சட்டம், பலரும் ‘நம் வீட்டுக்குள்தானே’ என்று துணிந்து செய்கிற வேறு சில வேலைகளைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து பணம் கொடுப்பதும், பயப்பட வேண்டிய இடத்தில் பயமின்றிச் சுவரை இடிப்பதுமாக நிலைமை தலைகீழாக இருக்கிறது.

மும்பை மாநகராட்சிக்கு ஆதாரமான சட்டம் 1888-ஆம் ஆண்டினது. காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு இன்றும் அதுவே நடைமுறையில் உள்ளது. அதன் 342-ஆம் பிரிவு, ஒரு கட்டடத்தில் புதிதாக எதையேனும் சேர்ப்பவரும், இருப்பதை மாற்றுபவரும், ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுபவரும் முன்கூட்டியே கமிஷனருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் குடியிருக்கத் தக்க நிலையில் வீட்டை வைத்துக்கொள்வதற்கான சாதாரண மராமத்துக்கு இது தேவையில்லை என்று அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. அந்தச் சாதாரண மராமத்து எது என்பதையும் அதிகாரியின் மனம்போல விட்டுவிடாமல் ஏழு இனங்களாகப் பட்டியலிட்டுக் காட்டுகிறது.

சுவருக்குப் பூச்சு, வர்ணம், இணைப்பு அடைத்தல் ஆகியவை அதில் அடங்கும். பலவீனமான தூணுக்கும் சுவருக்கும் சிமெண்டுக் கலவையை அழுத்தத்தில் பீய்ச்சி வலுவூட்டுவதும் அடங்கும். தரைக்கல்லை மாற்றலாம். கழிவறை, குளியலறை, துவைக்கும் இடம் ஆகியவற்றைப் பழுது பார்க்கலாம். சாக்கடைக் குழாய், திருகு குழாய், மேன்ஹோல் முதலியவற்றைச் சீர்செய்யலாம், மாற்றவும் செய்யலாம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்ப் பொருத்துகள், மின்சாரப் பொருத்துகள் ஆகியவற்றுக்கும் அப்படியே. கூரை என்ன பொருளால் ஆனதோ அதே பொருளால் புதுக் கூரை போடலாம். ஓட்டுக்கு ஓடு, தகரத்துக்குத் தகரம். இவற்றுக்கெல்லாம் நோட்டீஸும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். குழாய் மாற்றுகிறவரை நிறுத்தி அனுமதிச் சீட்டுக் கேட்பவருக்கு அந்த உரிமை கிடையாது.

இனி மறுபக்கம். அதே விளக்கம், மராமத்து என்ற பெயரில் நடக்கக் கூடாத ஐந்தையும் எண்ணிச் சொல்கிறது. கட்டடத்தின் நீளம், அகலம், உயரம் மாறக் கூடாது. பாரம் தாங்கும் சுவரையோ தூண், பீம் போன்ற உறுப்பையோ எடுக்கவோ மாற்றவோ கூடாது. அடித்தளத்தையோ தரையையோ தாழ்த்தக் கூடாது. பரணோ இடைத்தளமோ புதிதாகப் போடக் கூடாது; இருப்பதை நீட்டவும் கூடாது. சாய்கூரையைத் தட்டைக் கூரையாக்கவோ, வேறு பொருளால் கூரை போடவோ கூடாது. இவற்றில் எதைச் செய்வதானாலும் முன் அனுமதி வேண்டும். தரை, அடித்தளத்தைத் தாழ்த்துவதற்கு அனுமதியே கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வசிக்கும் ஊரில் மக்கள் ஆசைப்பட்டுச் செய்கிற வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலிலேயே இருப்பது துரதிருஷ்டமே. பரண் போடாமல் சால் வாழ்க்கை ஏது?

இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் ஒரு சந்தும் உண்டு. தகராறு முளைப்பது பெரும்பாலும் அங்கேதான். ‘பழுது பார்த்தல்’ என்பது இருந்த இடத்தில் இருந்ததைச் சரிசெய்வது. மோரி இருந்த மூலையில் மோரியைப் புதுப்பித்தால் அது பழுது பார்த்தல். அறையின் எதிர் மூலைக்கு அதைக் கொண்டுபோனால், அல்லது மோரியைக் கழிவறையாக்கினால், அது பழுது பார்த்தல் ஆகாது. குளியலறைக்கும் கழிவறைக்கும் நேர் கீழே அல்லது நேர் மேலே அதே வகை அறைகள் அல்லாத வேறு அறை இருக்குமானால் தளம் நீர் புகாததாக இருக்க வேண்டும் என்று மாநகரின் வளர்ச்சி விதிகள் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் மாடிக்காரர் தம் சமையலறையைக் குளியலறையாக்கிக்கொண்டால் இரண்டாம் மாடிக்காரரின் அடுப்புக்கு மேல் தண்ணீர் சொட்டும்.

‘தரைக்கல்லை மாற்றலாம்’ என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாற்றுவது என்றால் பழையதைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதியதைப் பதிப்பது. பெயர்க்கும் கூலியை மிச்சம் பிடிப்பதற்காகப் பழைய கல்லின் மேலேயே இரண்டு அங்குலக் கலவை கொட்டிப் புதுக் கல் ஒட்டுகிறவர்கள் அதிகம். அப்படி ஒட்டினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ கூடுகிறது. வீட்டுத் தளங்களை இந்தியத் தர நிர்ணயப்படி வடிவமைக்கும்போது, ஆட்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு ஒதுக்கப்படுவது சுமார் 200 கிலோதான். அதில் பாதிக்கு மேல் கல்லே தின்றுவிடுகிறது. மேஸ்திரி இதைச் சொல்ல மாட்டார். அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

சுவரின் கணக்கு இதைவிட மிரட்டலானது. பத்தடி நீளம், பத்தடி உயரத்தில், நாலரை அங்குலக் கனத்துக்குச் செங்கல் வைத்து இருபுறமும் பூசினால் அந்த ஒற்றைச் சுவரின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். பத்துக்குப் பத்து அறையின் தளம் முழுவதும் தாங்குவதற்காக ஒதுக்கிய பாரம் இரண்டு டன்னுக்கும் குறைவு. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று, ஒரு தடுப்பு வேண்டும் என்று செங்கல் சுவர் எழுப்புகிறவர்கள் எதைத் தலைமேல் ஏற்றுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மரப் பலகைத் தடுப்போ, இலேசான அட்டைத் தடுப்போ இதைவிட மிகக் குறைந்த எடையே இருக்கும். பரண்மேல் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்கிறவர், அரை டன்னைச் சில அடி இடத்தில் குவித்து வைக்கிறார். நகரில் தண்ணீர் வருவது சில மணி நேரமே; தொட்டி இல்லாமல் முடியாது என்பது உண்மை. அதை எங்கே வைப்பது என்று கட்டட எஞ்சினீயர் ஒருவரைக் கேட்க ஆகும் செலவு, தொட்டியின் விலையைவிட மிகப் பெரிதாகிவிடாது.

இவையெல்லாம் வெறும் கணக்கல்ல என்பதை மும்பை பல முறை பார்த்துவிட்டது. 2013 செப்டம்பர் 27 அதிகாலை, டாக்யார்டு ரோடு நிலையத்தின் அருகில் பாபு கேனு மார்க்கெட் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அது மாநகராட்சியின் சொந்தக் கட்டடம். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் மாநகராட்சிச் சிப்பந்திகளும் அவர்கள் குடும்பத்தினரும். கீழ்த்தளத்தை எடுத்திருந்தவர் அனுமதியின்றி இடைத்தளம் போட்டார் என்பது அப்போது எழுந்த குற்றச்சாட்டு. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் சித்தி சாயி கட்டடம் விழுந்து 17 பேர் இறந்தனர். அங்கும் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்த மாற்றல் வேலையில் தூண்களைத் தொட்டதாகவே புகார். அதற்கு முன் 2007-இல் போரிவிலியில் லட்சுமி சாயா கட்டடம் விழுந்தபோதும் பேச்சு கீழ்த்தளக் கடையின் புதுப்பித்தலைப் பற்றியே இருந்தது. மேல்மாடியில் உறங்கியவர்கள் யாரும் சுவரை இடிக்கவில்லை. கீழே ஒருவர் தம் இடத்தை விசாலப்படுத்திக்கொண்டதற்கு விலை கொடுத்தவர்கள் மேலே இருந்தவர்கள்.

ஆகையால் ‘என் வீடு, என் காசு’ என்ற வாதம் அடுக்குக் கட்டடத்தில் செல்லாது. அங்கே சுவர் ஒருவருடையதாக இருக்கலாம்; பாரம் எல்லாருடையது.

குழாய் வேலையும் அனுமதி வேண்டாதது என்பதால் ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது. குழாயை மறைத்துப் போட வேண்டும் என்று பீமில் உளியால் காடி வெட்டுகிறார்கள். நாணி டிராப் உட்காரத் தளத்தைக் கொத்தி உள்ளே இருக்கும் கம்பியை வெளிக்காட்டி விடுகிறார்கள். அந்த இடத்தில் தண்ணீர் இறங்குகிறது. கம்பி துருப்பிடித்து உப்புகிறது. உப்பிய கம்பி சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. கீழ் வீட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவது இப்படித்தான். குழாய் மாற்றச் சட்டம் தந்த விலக்கு, பீமை வெட்டத் தந்த விலக்கல்ல. மோரி வேலை முடிந்ததும் கல் பதிப்பதற்கு முன் வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் கீழ் வீட்டில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டால் பிற்பாடு வரும் சண்டையில் பாதி குறையும். கூலியை முழுதும் அதற்குப் பிறகு கொடுப்பதே உத்தமம்.

வீட்டுக்குள் குழாய் மாற்றுவது வேறு, தெருவில் ஓடும் மாநகராட்சிக் குழாயிலிருந்து இணைப்பு எடுப்பது வேறு. பின்னதற்கு அனுமதி கட்டாயம். அந்த வேலையை லைசென்ஸ் பெற்ற பிளம்பர்தான் செய்யலாம். மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் குற்றமே. அடுத்த வீட்டுப் பானைக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. தண்ணீர் இணைப்பு கிடைத்துவிட்டதால் கட்டடமும் சட்டபூர்வமாகிவிட்டது என்று எண்ணுகிறவர்களும் உண்டு. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், அனுமதியற்ற குடிசையில் வசிப்பவருக்கும் குடிநீர் பெற உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மனிதன் உயிர்வாழத் தண்ணீர் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தண்ணீர்ப் பில் கட்டடத்துக்குப் பட்டா ஆகாது.

வாடகைக்கு இருப்போர் நிலை தனி. பகடி கொடுத்து சாலில் கோலி பிடித்தவர்களுக்கு மாநகராட்சி மட்டுமன்றி வீட்டுக்காரரும் ஒரு கட்சி. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலமான சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்பினால் அதுவே காலி செய்யச் சொல்வதற்குக் காரணமாகிவிடும். இந்த ஒரு வரியைக் காட்டி மிரட்டும் வீட்டுக்காரர்கள், அதற்கு அடுத்த வரியைச் சொல்லுவதில்லை. மரத் தடுப்பு, நின்று சமைக்கும் மேடை, கதவு, காற்றுக்காகச் சன்னல் திறப்பு, பொய்க் கூரை, குளிர்சாதனப் பெட்டி, புகைபோக்கி ஆகியவை, தேவைப்படும் இடத்தில் மாநகராட்சி அனுமதியோடு செய்யப்பட்டால், நிரந்தரக் கட்டுமானமாகக் கருதப்பட மாட்டா என்று அந்தச் சட்டமே விளக்கியிருக்கிறது. சமையல் மேடை கட்டியதற்காகக் குமாஸ்தா ஒருவர் வக்கீல் நோட்டீஸைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

பழுது பார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. பதினைந்து நாள் நோட்டீஸைத் தபாலில் அனுப்பியும் அவர் அசையாவிட்டால், குடியிருப்பவரே வேலையைச் செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டில் கழிப்பது அந்த ஆண்டு வாடகையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாதம் 200 ரூபாய் பழைய வாடகை கொடுப்பவருக்கு இது ஆண்டுக்கு 600 ரூபாய். இன்றைய விலையில் கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்கே அது காணாது! சட்டம் இயற்றியவர்கள் உரிமையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 1969 செப்டம்பருக்கு முன் கட்டிய, செஸ் வரி கட்டும் பழைய நகரக் கட்டடங்களாக இருந்தால், தூண், பீம், மேல்தளம் போன்ற பெரிய பழுதுகளுக்கு மாடா நிறுவனத்தின் பழுது பார்ப்பு வாரியத்தை அணுக வழி உண்டு. அங்கே குடியிருப்பவர் தம் சொந்தச் செலவில் தூணைத் தொடுவது அறிவீனம்.

முலுண்டிலும் டோம்பிவிலியிலும் கடன் வாங்கிச் சொந்த ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இன்னொரு வாசற்படி இருக்கிறது. அதுவே ஹவுசிங் சொசைட்டி. உறுப்பினர் தம் வீட்டுக்குள் மாற்றல் செய்யக் கமிட்டியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று துணைவிதிகள் சொல்கின்றன. கமிட்டி கடிதம் கொடுத்துவிட்டது, இனி மாநகராட்சி எதற்கு என்று நினைப்பது தவறு. மாநகராட்சி அனுமதித்துவிட்டது, இனிக் கமிட்டி எதற்கு என்பதும் தவறு. இரண்டும் வேறு வேறு. டோம்பிவிலி, தானே, நவிமும்பை ஆகியவை மும்பை மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே, 1949-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டத்துக்கு உட்பட்டவை. அங்குள்ளவர்கள் 342-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு வாதிட முடியாது. அந்தந்த நகராட்சி அலுவலகத்தில் கேட்டு அறிவதே சரி. அந்தோப் ஹில் போன்ற இடங்களில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருப்போருக்குப் பேச்சே இல்லை. வீடு சர்க்காருடையது, ஆணி அடிப்பதற்கு மேல் எது செய்வதானாலும் இலாகாவுக்கு எழுதிப் போட வேண்டும்.

தாராவிக்கு வருவோர் வேறொரு உலகத்தைக் காண்கிறார்கள். குடிசைப் பகுதி வீடுகளின் உயரம் 14 அடியைத் தாண்டக் கூடாது என்பது மாநகராட்சி நெடுங்காலமாகச் சொல்லிவரும் வரம்பு. அதைத் தாண்டி இரண்டும் மூன்றும் மாடிகள் ஏறி நிற்பது எல்லாருக்கும் தெரியும். ஏறும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்களே பின்னொரு நாள் கடப்பாரையோடு வருகிறார்கள். இரும்புக் கம்பமும் தகரமும் வைத்து மேலே ஓர் அறை போட்டு வாடகைக்கு விட்டால் ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்பது தொழிலாளியின் கணக்கு. அந்தக் கணக்கு இப்போது முன்போலச் சரிவராது. தாராவி சீரமைப்புத் திட்டத்தின் நிபந்தனைகளில், 2000 ஜனவரி 1-க்கு முன்னிருந்த கீழ்த்தள வீட்டுக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி என்று இருக்கிறது. மேல்மாடியில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை செலுத்திப் பின் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில்தான் வீடு. அதற்கும் 2022 நவம்பர் 15 என்று கெடு வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு நியாயமா என்பது தனியாக வாதிக்க வேண்டிய விஷயம். ஆனால் இன்று புதிதாக ஒரு மாடி ஏற்றினால் நாளை அதற்கு மாற்று வீடு கிடைக்கும் என்று சொல்லி யாரேனும் பணம் கேட்டால், அந்தப் பேச்சை நம்பிப் பெண்டாட்டி நகையை அடகு வைக்கக் கூடாது.

நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் அதைக் கிழித்தெறியாமல் இருப்பது. மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் மூலையில் போட்டுவிட்டுக் கடைசி நாளில் ஓடுகிறவர்கள் ஏராளம். வேலை நடந்துகொண்டிருந்தால் 354-ஏ பிரிவில் வரும் நோட்டீஸ் வேலையை உடனே நிறுத்தச் சொல்லும்; அனுமதிச் சீட்டைக் காட்ட 24 மணி நேரமே தரும். முடிந்த வேலையானால் 351-ஆம் பிரிவில் காரணம் காட்டச் சொல்லும். பதிலை எழுத்தில் கொடுக்க வேண்டும்; பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். செய்தது 342-ஆம் பிரிவின் விலக்குக்குள் வரும் மராமத்து என்றால் எந்த இனம் என்று குறிப்பிட்டு, பழைய நிலையையும் புதிய நிலையையும் காட்டும் புகைப்படங்கள், பொருள் வாங்கிய ரசீதுகள் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, உள்ளூர்ச் சட்டம் தரும் கெடு அல்லது 15 நாள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பொறுக்காமல் எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது. நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பவும், கட்டடத்தில் ஒட்டவும் வேண்டும். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ளவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த மாதமே, டிசம்பர் 17 அன்று, அனுமதியற்ற கட்டுமானத்தைக் காலம் கடந்துவிட்டது என்பதற்காகவோ செலவழித்துவிட்டோம் என்பதற்காகவோ காப்பாற்ற முடியாது என்றும் அதே நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முன்னது அவகாசம் தருகிறது, தப்பைச் சரியாக்கவில்லை.

மாநகராட்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குடிசைக்காரன் தகரம் மாற்றும்போது மறுநாளே வந்து நிற்கும் அதன் கண்கள், கீழ்த்தளக் கடைக்காரர் ஒரு தூணையே விழுங்கும்போது எங்கே போயின? தன் சொந்தக் கட்டடத்தில், தன் சிப்பந்திகளின் தலைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதையே பார்க்கத் தவறிய நிர்வாகம் அது. 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு உறுதிச் சான்று வாங்க வேண்டும் என்று 353-பி பிரிவு கட்டளையிடுகிறது. அந்தப் பரிசோதனைக்குப் பணம் திரட்ட முடியாத சிறிய சொசைட்டிகளுக்கும் பழைய சால்களுக்கும் கைகொடுக்க மாநகராட்சி முன்வந்தால் அதுவே உண்மையான பாதுகாப்பு. தண்டனை அளிக்கும் பிரிவுகள் சட்டத்தில் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. 1966-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தில் அனுமதியற்ற கட்டுமானத்துக்கு மூன்றாண்டு வரை சிறைவாசம் உண்டு. அதனால் இடைத்தளங்கள் குறைந்துவிடவில்லை.

அனுமதி பெறும் வழி சிக்கலாக இருப்பதும் ஒரு காரணம். லைசென்ஸ் பெற்ற சர்வேயர், வரைபடம், உறுதிச் சான்று, பல கௌண்டர்கள். ஒரு சன்னலைத் திறக்க விரும்பும் ஆலைத் தொழிலாளி இத்தனையையும் ஒரு வார லீவில் முடிக்க முடியுமா? சிறிய மாற்றல்களுக்கு ஒரே பக்க விண்ணப்பம், வார்டு எஞ்சினீயர் நேரில் வந்து பார்த்து இத்தனை நாளுக்குள் சரி அல்லது முடியாது என்று எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு, இவ்வளவு போதும். பாரம் தாங்கும் சுவரா இல்லையா என்று சொல்ல அவருக்கு அரை மணி நேரம் பிடிக்காது. அந்த அரை மணி நேரம் கிடைக்காததால்தான் மக்கள் மேஸ்திரியின் வாயைப் பார்க்கிறார்கள்.

தமிழ்ச் சங்கங்களும் நலமன்றங்களும் இதில் செய்யக் கூடியது உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மண்டபம் பிடிப்பவர்கள், ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற கட்டட எஞ்சினீயர் ஒருவரையும் வக்கீல் ஒருவரையும் உட்கார வைத்து, வந்தவர்களின் காகிதங்களைப் படித்துச் சொல்லச் செய்யலாம். இந்நகரின் தமிழர்களில் அத்தகையோருக்குக் குறைவில்லை. மேஸ்திரிகளிலும் பிளம்பர்களிலும் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களையும் அதே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். தூணைத் தொட மாட்டேன் என்று மறுக்கும் மேஸ்திரிக்கு வேலை போய்விடுகிறது, சரி என்பவருக்குக் கிடைக்கிறது என்பதே இன்றைய நிலை. வீட்டுக்காரர்கள் மனம் மாறினால் ஒழிய இது மாறாது.

மாநகராட்சி உடனே செய்ய வேண்டியது செலவில்லாத ஒன்று. 342-ஆம் பிரிவின் ஏழு விலக்குகளையும் ஐந்து தடைகளையும் மராத்தியில் எழுதி, அதன் கீழே இந்தி, தமிழ், குஜராத்தி, உருது, தெலுங்கு மொழிகளிலும் எழுதி, ஒவ்வொரு வார்டு ஆபீஸின் பில்டிங் அண்ட் ஃபாக்டரி இலாகா வாசலிலும் பெரிய பலகையாக மாட்ட வேண்டும். ‘குழாய், தரைக்கல், வர்ணம் ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை, யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்’ என்ற வாசகம் அதில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். புகார் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவியும் தொலைபேசி எண்ணும் அதன் அடியில் இருக்க வேண்டும். பலகை ஏப்ரல் மாதத்துக்குள் வர வேண்டும். ஜூன் மாதம் வந்தால், அதற்குள் கொத்தனார் வேலை முடிந்து கிளம்பியிருப்பார்.